520 வாக்குகளும் 38 ஆண்டுகளும்: ஆஸ்டின் மிட்செல் பற்றிச் சில விவரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சியிலிருந்து அரசியலுக்குப் போன பிரிட்டன் பிரமுகர்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செய்தி வாசித்தவர், காலை நிகழ்ச்சி நடத்தியவர், தொடரில் நடித்தவர் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து, தெரிந்த முகத்துக்கு ஓட்டு விழுகிறது என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். அதில், வட்டாரத் தொலைக்காட்சித் தொகுப்பாளராக இருந்து கிரிம்ஸ்பி தொகுதியின் தொழிலாளர் கட்சி உறுப்பினரான ஆஸ்டின் மிட்செலுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. மீனின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டவர் என்பதோடு சரி. அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். மிட்செலின் முகம் அவருக்கு ஒரு இடைத்தேர்தலை, அதுவும் 520 வாக்குகளில், வென்று தந்தது. அதற்குப் பிறகு 38 ஆண்டுகள் அவர் நாடாளுமன்றத்தில் இருந்ததற்கும், அமைச்சர் பதவி எதுவும் இல்லாமலே நாட்டின் சட்டத்தை மாற்ற முடிந்ததற்கும் காரணம் வேறு. நாடாளுமன்ற விதிகளை அக்கறையோடு படித்துப் பயன்படுத்திய மனிதர் அவர்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1934 செப்டம்பரில் யார்க்‌ஷயரில் பிராட்ஃபோர்டு பக்கம் பிறந்தவர். மான்செஸ்டரிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் வரலாறு படித்தார். 1959இல் நியூசிலாந்து போய் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் வரலாறும், பிறகு கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் அரசியலும் கற்பித்தார். 1967இல் ஆக்ஸ்ஃபோர்டு நஃபீல்டு கல்லூரிக்குத் திரும்பினார். லீட்ஸ் நகரில் யார்க்‌ஷயர் தொலைக்காட்சியில் சேர்ந்தது 1969இல். நடுவில் சிறிது காலம் பிபிசியில் இருந்துவிட்டு, 1973இல் மறுபடியும் யார்க்‌ஷயருக்கே வந்தார். திரைக்கு வரும் முன்பே அவர் தேர்தல்களை ஆராய்ந்த கல்வியாளர் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை.

அன்றைய தொலைக்காட்சி எப்படி இயங்கியது என்று தெரிந்தால்தான் 1977 தேர்தல் புரியும். பிரிட்டனில் அப்போது இருந்தவை மூன்றே அலைவரிசைகள்: பிபிசி இரண்டு, ஐடிவி ஒன்று. ஐடிவியும் ஒரே நிறுவனமாக இருக்கவில்லை. வட்டாரத்துக்கு ஒரு கம்பெனி உரிமம் வாங்கி நடத்தியது. யார்க்‌ஷயர் கம்பெனி 1968 ஜூலையில் தொடங்கியது. மாலை நேரத்தில் வந்த அதன் வட்டாரச் செய்தி நிகழ்ச்சி ‘காலண்டர்’. வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே பார்த்த நிகழ்ச்சி அது. லண்டன்காரர்களுக்கு மிட்செலைத் தெரியாது. லீட்ஸ், ஷெஃபீல்டு, ஹல் பகுதிகளில் பேருந்து நிறுத்தத்தில் நின்றாலும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கிரிம்ஸ்பி இந்தக் கணக்கில் வந்தது தாமதமாகத்தான். அந்தத் துறைமுக நகரம் லிங்கன்ஷயர் கரையில் இருக்கிறது. அதற்கு ஒளிபரப்பு வருவது பெல்மான்ட் கோபுரத்திலிருந்து. 1974 நடுப்பகுதி வரை அந்தக் கோபுரம் நாரிச் நகரத்து ஆங்கிலியா கம்பெனியின் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது. அந்த ஆண்டு ஒழுங்குமுறை ஆணையம் பெல்மான்டை யார்க்‌ஷயர் கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்தது. அதாவது, இடைத்தேர்தல் வந்தபோது கிரிம்ஸ்பி மக்கள் மிட்செலைத் தங்கள் வட்டாரத் திரையில் பார்க்கத் தொடங்கி மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. ஒரு கோபுரம் கைமாறியதால் ஒரு வேட்பாளருக்குக் கிடைத்த அறிமுகம் இது. முகராசி பற்றிப் பேசுகிறவர்கள் எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் எந்தத் தொகுதி இருந்தது என்பதையும் பார்த்தால் நல்லது.

திரையில் அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு 1974 செப்டம்பர் 12 அன்று நடந்த நேர்காணல் போதும். லீட்ஸ் யுனைடெட் கால்பந்து அணியின் மேலாளர் பிரையன் கிளஃப் பதவிக்கு வந்த 44ஆம் நாளில் நீக்கப்பட்டார். அன்று மாலையே அவரையும், அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்து இங்கிலாந்து அணிக்குப் போன டான் ரெவியையும் ஒரே ஸ்டுடியோவில் உட்கார வைத்தார்கள். இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது. நடுவில் மிட்செல். லீக் பட்டத்தை இன்னும் சிறப்பாக வெல்ல நினைத்ததாகக் கிளஃப் சொல்கிறார். நாங்கள் தோற்றதே நாலு ஆட்டம்தான், அதைவிடச் சிறப்பாக எப்படி வெல்வது என்று ரெவி மடக்குகிறார். நான் மூன்றில் மட்டும் தோற்கலாமே என்கிறார் கிளஃப். இந்த இடத்தில் ஒரு சாதாரணத் தொகுப்பாளர் குறுக்கே பாய்ந்திருப்பார். மிட்செல் வாய் திறக்கவில்லை. ரெவி கேட்கிறார், கிளஃப் பதில் சொல்கிறார், பார்ப்பவருக்கு இருவருடைய மனமும் தெரிந்துவிடுகிறது. சின்னக் கேள்வியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை அவர் பிற்பாடு நாடாளுமன்றக் குழுக்களுக்கும் கொண்டுபோனார். தொலைக்காட்சியிலிருந்து அவர் எடுத்துச் சென்றவற்றில் அதைத்தான் நான் முதலில் வைப்பேன். முகம் அதற்கு அப்புறம்.

இனி இடைத்தேர்தல். கிரிம்ஸ்பி உறுப்பினரும் வெளியுறவு அமைச்சருமான ஆன்டனி கிராஸ்லாண்ட் 1977 பிப்ரவரி 19 அன்று பதவியிலிருக்கும்போதே காலமானார். வாக்குப்பதிவு ஏப்ரல் 28. ஜேம்ஸ் காலகனின் தொழிலாளர் கட்சி அரசு அப்போது பெரும்பான்மை இழந்து லிபரல்களின் ஆதரவில் ஓடிக்கொண்டிருந்தது. அதே நாளில் நாட்டிங்ஹாம்ஷயரில் நிலக்கரித் தொழிலாளர் நிறைந்த ஆஷ்ஃபீல்டு தொகுதியிலும் இடைத்தேர்தல். ஏறக்குறைய 23,000 வாக்கு வித்தியாசத்தில் தொழிலாளர் கட்சி வைத்திருந்த அந்தக் கோட்டை, 264 வாக்கில் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போனது. போய்விடும் என்று எல்லோரும் நினைத்த கிரிம்ஸ்பியோ 520 வாக்கில் நின்றது. கட்சிக்கு எதிராக அடித்த காற்று இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். எனவே மிட்செலின் அறிமுகம் அங்கே வேலை செய்தது என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்த அறிமுகத்தைப் பிரசாரக் காலத்தில் பயன்படுத்த முடியாது என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். அன்றைய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒரு தொகுதியின் தேர்தலைப் பற்றிய ஒளிபரப்பில் ஒரு வேட்பாளர் பங்கேற்க வேண்டுமானால் அந்தத் தொகுதியின் மற்ற வேட்பாளர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் நிகழ்ச்சி நின்றுபோகும். தொகுப்பாளர் வேட்பாளர் ஆகிவிட்டால் நிகழ்ச்சியிலிருந்தும் விலகியாக வேண்டும். ஆகவே தேர்தல் நெருங்க நெருங்கத் தொலைக்காட்சிக்காரரின் முகம் திரையிலிருந்து மறைகிறது. மற்ற வேட்பாளர்களைப் போல அவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டத்தான் வேண்டும்.

அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தது மீன்பிடித் தொழிலின் சாவு. இதுதான் இந்தக் கதையில் மிகக் கனமான பகுதி என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கிரிம்ஸ்பி, ஹல், ஃபிளீட்வுட் துறைமுகங்களின் பெரிய டிராலர் கப்பல்கள் ஐஸ்லாந்துக் கடலுக்குப் போய்க் காட் மீன் பிடித்து வந்தன. ஐஸ்லாந்து தன் கடல் எல்லையை 12 மைல், 50 மைல், கடைசியில் 200 மைல் என்று விரித்தது. மூன்று முறை பிரிட்டனோடு மோதல், பிரிட்டன் போர்க்கப்பல்களும் போயின. மூன்றாவது மோதல் 1976 ஜூன் 1 அன்று கையெழுத்தான உடன்பாட்டில் முடிந்தது. ஒரே சமயத்தில் 24 பிரிட்டிஷ் டிராலர்கள் மட்டும், அதுவும் ஆறு மாதத்துக்கு மட்டும். பிரிட்டன் தரப்பில் அந்த உடன்பாட்டைச் செய்துகொண்ட வெளியுறவு அமைச்சர் கிராஸ்லாண்டேதான். தன் சொந்தத் தொகுதிக்காரர்களின் பிழைப்பை முடித்துவைக்கும் காகிதத்தில் அவர் கையெழுத்திட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கப்பல்கள் ஐஸ்லாந்துக் கடலை விட்டு வெளியேறின. ஐந்து மாதம் கழித்து மிட்செல் அங்கே ஓட்டுக் கேட்டுப் போகிறார்.

வேலை இழந்த மாலுமிகளுக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடைக்கவில்லை. காரணம் வேலைக்கு எடுத்த முறையில் இருந்தது. டிராலர் மாலுமி ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகக் கையெழுத்திட்டு ஏறுவார். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துக் கரை வந்ததும் கணக்கு முடித்து விடுவிக்கப்படுவார். அடுத்த பயணத்துக்கு மறுபடியும் புதுக் கையெழுத்து. ஒரே கம்பெனியில் 25 ஆண்டு உழைத்திருந்தாலும் ஏட்டில் அவர் தற்காலிகக் கூலிதான். ஆட்குறைப்புச் சட்டம் கேட்டது தொடர்ச்சியான இரண்டு ஆண்டுப் பணி. பயணத்துக்குப் பயணம் அறுந்துபோன பணியைத் தொடர்ச்சி என்று அரசு ஏற்கவில்லை. கப்பல் முதலாளிகளுக்குக் கப்பல்களைப் பணியிலிருந்து விலக்குவதற்கு அரசுப் பணம் கிடைத்தது. தளத்தில் நின்று வலை இழுத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

மிட்செலும் ஹல் நகரத்து உறுப்பினர்களும் இதை விடவில்லை. மாலுமிகள் தாங்களே சங்கம் அமைத்துப் போராடினார்கள். அந்தப் பெருமை முதலில் அவர்களுக்குத்தான் சேர வேண்டும். கடைசியில் 2000ஆம் ஆண்டு டோனி பிளேர் அரசு ஒரு திட்டம் அறிவித்தது: ஐஸ்லாந்துக் கடலில் பணியாற்றிய ஒவ்வொரு ஆண்டுக்கும் 1,000 பவுண்டு, உச்சவரம்பு 20,000 பவுண்டு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. கோளாறு விதிகளில் இருந்தது. நடுவில் 12 வாரமோ அதற்கு மேலோ வேறு வேலைக்குப் போயிருந்தால் பணித் தொடர்ச்சி அறுந்ததாகக் கணக்கிட்டார்கள். குளிர்காலம் ஒன்றில் கட்டட வேலைக்குப் போனவரின் முந்தைய ஆண்டுகள் எல்லாம் கழிந்துபோயின. எந்தக் கப்பல் ஐஸ்லாந்துக் கடல் கப்பல், எது இல்லை என்று பிரித்ததிலும் குழப்பம். ஒரே தெருவில் ஒரே அளவு உழைத்த இருவரில் ஒருவருக்கு முழுத் தொகை, இன்னொருவருக்குச் சொற்பம்.

இங்கேதான் விதிகளைத் தெரிந்த உறுப்பினரின் பயன் தெரிகிறது. பிரிட்டனில் அரசுத் துறை மீது நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளரிடம் குடிமகன் நேரடியாகப் புகார் தர முடியாது. ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகத்தான் புகார் போக வேண்டும். உறுப்பினர் அக்கறை காட்டாவிட்டால் அந்தக் கதவு திறக்காது. மாலுமிகளின் புகார்கள் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. குறைதீர்ப்பாளர் ஆன் ஆபிரகாம் 2007 பிப்ரவரியில் தந்த அறிக்கையின் தலைப்பிலேயே, திட்டம் அவசரத்தில் தைக்கப்பட்டது என்ற கண்டனம் இருந்தது. திட்டத்தின் விதிகளை அறிவிக்கும் முன்பே சரிபார்த்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2009இல் மாற்றியமைக்கப்பட்ட இரண்டாவது திட்டம் வந்தது. இடைவெளிகளை வைத்து வெட்டாமல், கடலில் இருந்த காலத்தை மொத்தமாகக் கூட்டிக் கணக்கிட்டார்கள். ஐஸ்லாந்துக் கடல் மூடப்பட்டு 33 ஆண்டு ஆகியிருந்தது. பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். இதில் எந்தக் கட்டத்திலும் மிட்செலின் பிரபல முகம் உதவியதாகத் தெரியவில்லை. ஒரே கேள்வியை முப்பது ஆண்டு கேட்டுக்கொண்டே இருந்ததுதான் உதவியது.

அடுத்தது வீட்டுப் பத்திர விவகாரம். லண்டனில் வீடு வாங்கும் தமிழர்கள் ஒவ்வொருவரும் இதை அறிந்திருப்பது நல்லது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிரய வேலை பெரும்பாலும் காகித வேலை. நிலப் பதிவேட்டில் உரிமையாளர் யார், அடமானம் உண்டா என்று பார்க்க வேண்டும். சாலை, வடிகால், கட்டட அனுமதி பற்றி உள்ளாட்சி மன்றத்தில் விசாரிக்க வேண்டும். இரு தரப்பும் ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளும்போது முன்பணம், வழக்கமாக விலையில் 10 சதவீதம், கட்ட வேண்டும். கடன் தரும் நிறுவனத்தின் பணம் போய்ச் சேர்ந்த பிறகு சாவி கைக்கு வரும். 1974 சொலிசிட்டர்கள் சட்டத்தின் 22ஆம் பிரிவு, கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டின் உரிமையை மாற்றும் பத்திரத்தை எழுதும் உரிமையைச் சட்டத் தொழில் செய்வோருக்கு மட்டும் கொடுத்தது. வேறு யாராவது காசு வாங்கிக்கொண்டு எழுதினால் குற்றம். நடைமுறையில், சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞர்களுக்குப் போட்டியே இல்லை. விளம்பரம் செய்யவும் அவர்களுக்கு அனுமதியில்லாததால் யார் குறைந்த கட்டணம் வாங்குகிறார் என்று மக்களுக்குத் தெரிய வழியும் இல்லை.

ஆளுங்கட்சியில் இல்லாத ஒரு சாதாரண உறுப்பினர் இதை எப்படி மாற்றுவது? தனிநபர் மசோதாவுக்கான குலுக்கல் மூலம்தான். ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் பெயர் கொடுத்த உறுப்பினர்களில் 20 பேரைக் குலுக்கி எடுப்பார்கள். முதல் சில இடங்கள் கிடைத்தால்தான் முழு விவாதத்துக்கு நேரம் கிடைக்கும். விவாதம் வெள்ளிக்கிழமைகளில். அன்று பெரும்பாலான உறுப்பினர்கள் தொகுதிக்குக் கிளம்பிவிடுவார்கள். மதியம் 2.30 மணிக்கு எதிர்ப்பாளர் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் மசோதா அப்படியே விழுந்துவிடும். பேச்சை நிறுத்தி வாக்கெடுப்புக்கு விட வேண்டுமானால் அதற்கு ஆதரவாகக் குறைந்தது 100 பேர் அவையில் வாக்களிக்க வேண்டும். தனிநபர் மசோதாக்கள் பெரும்பாலும் சாவது கொள்கையினால் இல்லை, வெள்ளிக்கிழமை 100 பேரைப் பிடித்து நிறுத்த முடியாததால்.

1983 தேர்தலுக்குப் பிறகு நடந்த குலுக்கலில் மிட்செலுக்கு நல்ல இடம் கிடைத்தது. வீடு வாங்குவோர் மசோதாவைக் கொண்டுவந்தார். நுகர்வோர் சங்கம் பக்கபலமாக நின்றது. மார்கரெட் தாட்சரின் அரசுக்கு இது தர்மசங்கடம். தடையற்ற போட்டியைத் தினமும் போதிக்கும் அரசு, வழக்கறிஞர்களின் தனியுரிமையை மட்டும் காப்பாற்ற வேண்டியிருந்தது. மிட்செல் இதைத் தெரிந்தே அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தார் என்பது என் கணிப்பு. 1983 டிசம்பர் 16, வெள்ளிக்கிழமை, அரசின் விருப்பத்துக்கு மாறாக மசோதா இரண்டாம் வாசிப்பை, அதாவது கொள்கை அளவில் ஒப்புதல் தரும் கட்டத்தை, கடந்தது. 1984 தொடக்கத்தில் அரசு இறங்கி வந்தது. தானே சட்டம் கொண்டுவருவதாக உறுதி தந்ததும் மிட்செல் மசோதாவை நிறுத்திக்கொண்டார். தன் பெயரில் சட்டம் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அரசு நேரம் ஒதுக்காமலே அதை முடித்திருக்கும்.

பேராசிரியர் ஜூலியன் ஃபாரன்ட் தலைமையில் குழு அமைந்தது. 1985 நீதி நிர்வாகச் சட்டம் உரிமம் பெற்ற பத்திர மாற்றுநர் என்ற புதிய தொழிலையும், அவர்களை ஒழுங்குபடுத்தும் கவுன்சிலையும் உருவாக்கியது. தேர்வு, பயிற்சி, தொழில் காப்பீடு எல்லாம் கட்டாயம். 1987இல் அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, போட்டி வரப்போகிறது என்று தெரிந்த உடனேயே, சொலிசிட்டர்களின் கட்டணம் இறங்க ஆரம்பித்தது. 1984இல் அவர்கள் விளம்பரம் செய்யவும் அனுமதி வந்தது. இன்று ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ வீடு வாங்குபவர் மூன்று நான்கு இடங்களில் கட்டணம் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்றால் அதன் வேர் அந்த வெள்ளிக்கிழமையில் இருக்கிறது.

அவருடைய பழைய தொழிலோடு நேரடியாகத் தொடர்புடையது மூன்றாவது விஷயம்: மக்களவைக்குள் கேமரா. வானொலி ஒலிபரப்பு 1978 ஏப்ரலிலேயே நிரந்தரமாகிவிட்டது. பிரபுக்கள் சபை 1985 ஜனவரியில் கேமராவை விட்டது. மக்களவை மட்டும் முரண்டு பிடித்தது. 1985 நவம்பர் 20 வாக்கெடுப்பில் ஆதரவு 263, எதிர்ப்பு 275. வெறும் 12 வாக்கில் தோல்வி. 1988 பிப்ரவரி 9 அன்று சோதனை முறைக்கு 318க்கு 264 என்று ஒப்புதல் கிடைத்தது. தாட்சர் கடைசி வரை எதிர்த்தார். கட்சி பேதமில்லாமல் பல உறுப்பினர்கள் இதற்காக வாதாடினார்கள். ஸ்டுடியோவில் வேலை பார்த்த அனுபவத்தோடு வாதாடியவர் என்பது மிட்செலின் தனிப் பலம். விளக்குச் சூடு தாங்காது, உறுப்பினர்கள் கேமராவுக்கு நடிப்பார்கள் என்றெல்லாம் சொன்னவர்களுக்குத் தொழில் தெரிந்தவர் பதில் சொன்னது பயன்பட்டது.

1989 நவம்பர் 21 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. அன்றைய முறைப்படியான முதல் உரையை ஆற்றிய இயான் கோ, கேமரா வேண்டாம் என்று வாக்களித்தவர். தொடக்க விதிகள் மிகக் கடுமை. பேசுபவரின் தலையும் தோளும் மட்டும் தெரிய வேண்டும். கேட்பவர்களின் முகபாவம் கூடாது. பார்வையாளர் மாடத்தைக் காட்டக் கூடாது. அவையில் அமளி என்றால் கேமரா சபாநாயகர் பக்கம் திரும்பிவிட வேண்டும். இதில் என்ன கெட்டது என்றால், யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்றே வீட்டில் பார்ப்பவருக்குப் புரியவில்லை. விவாதம் என்பது இரண்டு பக்கம். ஒரு பக்கத்தின் தோளை மட்டும் காட்டினால் அது பிரசங்கம் ஆகிவிடுகிறது. சில மாதங்களில் விதிகளைத் தளர்த்தினார்கள். 1990 ஜூலையில் ஏற்பாடு நிரந்தரமானது. உறுப்பினர்களும் தந்திரம் கற்றார்கள். வெறிச்சோடிய அவையில் பேசுபவரைச் சுற்றி நாலைந்து பேர் நெருக்கமாக வந்து உட்கார்ந்தால், திரையில் அவை நிறைந்தது போலத் தெரியும். நாடாளுமன்றக் காட்சிகளைப் பார்க்கும் வாசகர்கள் அகலக் காட்சி வரும் வரை காத்திருந்து, பச்சை இருக்கைகள் எத்தனை காலி என்று பார்த்துக்கொள்ளலாம்.

தொலைக்காட்சி அவருக்கு நட்டமும் கொடுத்தது. 1987 முதல் அவர் எதிர்க்கட்சி முன்வரிசையில் வர்த்தகம், தொழில் துறைப் பேச்சாளர்களில் ஒருவர். 1989இல் ரூப்பர்ட் மர்டாக்கின் ஸ்கை தொலைக்காட்சி தொடங்கியபோது, கன்சர்வேட்டிவ் முன்னாள் அமைச்சர் நார்மன் டெபிட்டோடு சேர்ந்து ஒரு அரசியல் நிகழ்ச்சி நடத்த ஒப்புக்கொண்டார். வாப்பிங் அச்சகப் போராட்டத்தில் மர்டாக்கின் நிறுவனம் ஆயிரக்கணக்கான தொழிலாளரை வெளியேற்றி மூன்று ஆண்டே ஆகியிருந்த நேரம். தொழிற்சங்கங்களின் கட்சியில் இருப்பவர் அந்த முதலாளியிடம் சம்பளம் வாங்குவதைக் கட்சித் தலைவர் நீல் கின்னக் ஏற்கவில்லை. முன்வரிசைப் பதவி போனது. பிறகு எந்தத் தலைவரும் அவரை அழைக்கவில்லை. கின்னக்கின் முடிவில் தவறு காண முடியாது என்றே நினைக்கிறேன். மிட்செலுக்குத் திரையின் மீதிருந்த ஆசை அவருடைய அரசியல் கணக்கை மறைத்துவிட்டது.

மற்ற குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு வரியில் சூடாகச் சொல்லிவிடும் தொலைக்காட்சிப் பழக்கம் முதுமையில் அவருக்குத் தீங்கு செய்தது. பெண்களை மட்டுமே வேட்பாளர் பட்டியலில் வைக்கும் முறையைச் சாடி 2014இல் அவர் எழுதியது கட்சிக்குள்ளேயே கண்டனத்துக்கு ஆளானது. அந்தக் கண்டனம் நியாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தை அவர் ஆயுள் முழுக்க எதிர்த்தார். 1973இல் பிரிட்டன் சேர்ந்தபோதே, ஒரு நாட்டுக் கடலை மற்ற உறுப்பு நாடுகளின் கப்பல்களுக்கும் திறந்துவிடும் பொது மீன்பிடிக் கொள்கை தொழிலை விட்டுக்கொடுத்துவிட்டது என்பது அவர் வாதம். ஐஸ்லாந்து மூடிய கதவுக்கும், ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் திறந்த கதவுக்கும் இடையில் கிரிம்ஸ்பி நசுங்கியது என்றார். 2016 வாக்கெடுப்பில் அந்தப் பகுதியில் பத்தில் ஏழு பேர் வெளியேறவே வாக்களித்தார்கள்.

2002இல் ஹேடாக் என்று குடும்பப் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொண்டது மீன் விற்பனையை ஊக்குவிக்கச் சிறிது காலம் செய்த விளம்பரம். கிரிம்ஸ்பி பதப்படுத்தும் மீன்களில் ஹேடாக் முக்கியமானது, ஊர்க்காரர்களுக்கு அதன் பொருள் தெரியும். அதைவிடப் பதிவு செய்யத்தக்கவை பல உண்டு. பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனங்களின் பொறுப்பின்மை பற்றிப் பேராசிரியர் பிரேம் சிக்காவோடு சேர்ந்து எழுதினார். பொது இடத்தில் புகைப்படம் எடுப்பவர்களைப் போலீஸ் தடுப்பதை எதிர்த்து 2008இல் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். கடைசிப் பத்தாண்டு பொதுக் கணக்குக் குழுவில் இருந்தார். 2012இல் அந்தக் குழு கூகுள், அமேசான், ஸ்டார்பக்ஸ் நிர்வாகிகளை வரி விஷயத்தில் விசாரித்தது.

2010இல் அவருடைய வாக்கு வித்தியாசம் 714 ஆகச் சுருங்கியிருந்தது. 2015இல் ஓய்வு பெற்றார். 2021 ஆகஸ்டில் காலமானார். இன்னொரு விவரம் கட்டுரையாளருக்குப் பயன்படலாம். 2019இல் அதே தொகுதியைக் கன்சர்வேட்டிவ் கட்சி கைப்பற்றியபோது வென்ற லியா நீச்சியும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் தயாரிப்பாளராக இருந்தவர்தான். 1945 முதல் தொழிலாளர் கட்சி வைத்திருந்த இடம் அது. 2024இல் தோற்றார். ஒரே ஊர், ஒரே பின்னணி, ஒருவருக்கு 38 ஆண்டு, இன்னொருவருக்கு ஐந்து. போர்க்களச் செய்தியாளர் மார்ட்டின் பெல்லின் கதை இன்னும் வேறு. 1997இல் டாட்டன் தொகுதியில் தொழிலாளர் கட்சியும் லிபரல் டெமாக்ரட் கட்சியும் வேட்பாளரை விலக்கிக்கொண்டு வழிவிட, சுயேச்சையாக 11,077 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஒரே தவணை என்று சொன்னபடி அந்தத் தொகுதியை விட்டு, 2001இல் வேறு தொகுதியில் நின்று தோற்றார். முகம் என்ற ஒரே காரணத்தால் இந்த மூன்று பேரின் முடிவையும் விளக்க முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்தப் பொருளில் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், ஒவ்வொரு தொலைக்காட்சிப் பிரமுகரைப் பற்றியும் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: வென்ற தொகுதி அவருடைய நிகழ்ச்சி தெரிந்த வட்டாரத்துக்குள் இருந்ததா, அதே நாளில் பக்கத்துத் தொகுதிகளில் அவர் கட்சிக்கு என்ன ஆனது, எதிர்க் கட்சிகள் வேட்பாளரை விலக்கிக்கொண்டனவா, தனிநபர் மசோதா குலுக்கலில் இடம் கிடைத்தபோது எதைக் கொண்டுவந்தார். நாடாளுமன்ற விவாதப் பதிவேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மிட்செல் விஷயத்தில் 1983 டிசம்பர் 16ஆம் தேதிப் பதிவையும், குறைதீர்ப்பாளரின் 2007 அறிக்கையையும் முதலில் எடுத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
லண்டன்